மதகை விசாரித்தல்

(வருசநாட்டில் நூலக வாசகர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூல வைகையின் கரையிலே பிறந்து, வாலிப்பாறைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் மயிலாடும்பாறைக்கு எத்தனை நாழிகையில் புதுவெள்ளம் இறங்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லவல்ல பெரியவர்கள் நிறைந்த இந்தச் சபையில், கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத ஒரு யந்திரத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மேகக் கணினியில் உள்ள லோடு பேலன்ஸர் என்னும் கருவியின் விவரங்களைக் கட்டளை வரியிலிருந்து கண்டறிவது என்பது அழைப்பிதழில் கண்ட தலைப்பு. 'மேகம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிய பிரசங்கம் என்று கருதிச் சில விவசாயிகளும் வந்திருப்பதாக வாசலில் சொன்னார்கள். அவர்கள் எழுந்து போக வேண்டியதில்லை. என் பேச்சிலும் தண்ணீர் நிறையவே வரும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத சீமைச் சங்கதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏலம் கூறுபவர் குரலெடுத்து விலை கூவ, வியாபாரிகள் தலையசைத்தும் கையசைத்தும் விலை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வழக்கம் மாறி, ஒவ்வொருவரும் கணினியின் முன் அமர்ந்து விசையைத் தட்டி விலை கேட்கும் மின்னணு ஏலத்தை 2007-ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியத்தார் கொண்டுவந்தனர். பின்னர் 2021-ல், மேகக் கணினியை, அதாவது எங்கோ இருந்துகொண்டு இணையத்தின் வழியே வேலை செய்யும் வாடகைக் கணினியை, நடுவே வைத்து, போடியில் உள்ள கூடத்தையும் மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியில் உள்ள கூடத்தையும் ஒன்றாகப் பிணைத்து, இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே சரக்குக்கு ஒரே கணத்தில் விலை கேட்கும்படி செய்தார்கள். போடி மெட்டின் வளைவுகளை ஏறி இறங்க ஜீப்புக்கு எத்தனை நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்ட விலையோ அந்த மலையை ஒரு கண்ணிமைப்பில் தாண்டிவிடுகிறது. மேகம் என்பது நம் ஜில்லாவின் ஏலக்காய் மூட்டை வரைக்கும் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல்லாயிரம் பேர் ஒரே கணத்தில் ஒரே முகவரியை நாடி ஓடி வரும் சந்தர்ப்பங்கள் இந்தக் காலத்தில் சகஜம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுது அப்படிப்பட்டது. தத்கால் டிக்கெட்டுக்குக் குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணியும் மற்ற வகுப்புக்குப் பதினொரு மணியும் அப்படிப்பட்டவை. 2010-ன் கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டியை இழந்து, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் 15-ஆம் தேதி போடிக்கு அகலப்பாதை வண்டியைக் கண்ட நம்மவர்கள் அந்தப் பதினொரு மணியின் பரபரப்பை இப்போதுதான் அநுபவித்து வருகிறார்கள். இத்தனை பேருக்கும் ஒரே கணினி விடை சொல்லவேண்டுமானால் அது மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஆகவே ஒரே மாதிரியான வேலையைச் செய்யக்கூடிய பல கணினிகளை, அதாவது சர்வர்களை, வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரே ஒரு வாயிலை வைத்து, வருகிறவர்களை இன்னின்ன சர்வரிடம் போ என்று பிரித்து அனுப்புகிறார்கள். அந்த வாயிலே லோடு பேலன்ஸர். 'சுமைச் சமனி' என்று அதைத் தமிழ்ப்படுத்தியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் பூரண திருப்தி இல்லை. சமன் செய்வது அதன் வேலையில் சிறு பகுதிதான், பங்கிடுவதே பெரும் பகுதி. பங்கிடுகிற பொருளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நல்ல பெயர் ஒன்று பரம்பரையாக இருக்கும்போது நான் புதுச்சொல்லைத் தேடி அலைய விரும்பவில்லை. இன்று மாலை முழுவதும் அதை மதகு என்றே அழைக்கப்போகிறேன்.

மதகின் வேலையைக் கம்பம் பள்ளத்தாக்கிலே கண்கூடாகக் காணலாம். அங்கே இருபோக நிலம் 14,707 ஏக்கர். தேக்கடியிலிருந்து சுரங்கத்தின் வழியே இறங்கும் பெரியாற்று நீர் முல்லையாறாக ஓடிவந்து பதினேழு வாய்க்கால்களில் பிரிந்து அந்த நிலத்துக்குப் பாய்கிறது. பிற்பாடு வெட்டிய கால்வாய்க்குப் பதினெட்டாம் கால்வாய் என்று பெயர் வந்த காரணமும் இந்தக் கணக்கே. அண்மை ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்குத் திறக்கும்போது பாசனத்துக்கு வினாடிக்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியும் என்று உத்தரவு வருவதை நீங்கள் பத்திரிகையில் படிக்கிறீர்கள். என் தாய்மாமன் அந்த வாய்க்கால்களில் ஒன்றில் லஸ்கர் உத்தியோகம், அதாவது மதகைத் திறந்து மூடிக் காவல் காக்கும் உத்தியோகம், பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு கரைமேல் நடந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதைத்தான் பிற்காலத்தில் இருபது வருஷம் கணினி நிலையங்களில் வேறு பெயர்களால் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கணினி உலகில் பங்கீடு தொடக்கத்தில் மிக எளிமையாக இருந்தது. ஒரு பெயருக்குப் பல முகவரிகளை எழுதிவைத்து, கேட்பவர்க்கு முறைவைத்து மாற்றி மாற்றிச் சொல்வது என்ற ஏற்பாட்டை 1995 ஏப்ரலில் வெளிவந்த 1794-ஆம் எண்ணுள்ள இணைய ஆவணம் விரிவாகப் பேசுகிறது. நம்முடைய முறைப்பாசனத்துக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. ஆனால் முகவரியைச் சொல்லுகிறவனுக்கு, அந்த முகவரியில் இருக்கும் சர்வர் உயிரோடிருக்கிறதா செத்துக்கிடக்கிறதா என்பது தெரியாது. உடைந்த வாய்க்காலுக்கும் அதன் முறை வந்ததும் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும். இந்தக் குறையை நீக்கவே, தன் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சர்வரையும் நிமிஷத்துக்கு நிமிஷம் குரல் கொடுத்துச் சோதித்து, பதில் சொல்லாததை ஒதுக்கிவைக்கும் மதகுகள் தோன்றின. 2009-ல் அமேசான் நிறுவனத்தார் அவ்வகை மதகைத் தம் மேகத்தில் வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். அதுமுதல், இரும்புப் பெட்டியாக இருந்த கணினி மதகு, ஒரு வாக்கியத்தால் தோன்றி ஒரு வாக்கியத்தால் மறையும் பொருளாகிவிட்டது.

ஒரு வாக்கியத்தால் தோன்றிய பொருளை ஒரு வாக்கியத்தாலேயே விசாரிக்கவும் முடியும். படங்களும் பொத்தான்களும் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து, இங்கே சொடுக்கி, அங்கே சொடுக்கி, கடைசியில் அந்த விவரத்தைக் காண்பது ஒரு வழி. கறுத்த திரையில் ஒரு வரியைத் தட்டி, பதிலை எழுத்தில் பெறுவது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியின் பூர்வ சரித்திரம் சுவாரசியமானது. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் அவர்கள் கையாண்டது டெலிடைப் என்ற தட்டச்சு யந்திரம். காகிதச் சுருளில் எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டு மெதுவாக நகரும் அந்த யந்திரத்தில் நீளமாகப் பேசுவது தண்டனை. ஆகவே கேள்வியும் சுருக்கமாக, பதிலும் சுருக்கமாக இருக்கும் ஒரு பாஷை பிறந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்இல்ராய் என்பவர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்ட வழி வேண்டும் என்று 1964-லேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 1973-ல் அது யுனிக்ஸில் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு இட்ட பெயரும் குழாய் என்பதே. ஒரு கட்டளையின் பதிலை மற்றொரு கட்டளைக்குள் பாய்ச்சுகிற அந்தக் குழாயை இன்றும் தினந்தோறும் பிரயோகிக்கிறோம். நீர்ப்பாசனம் தெரிந்த ஊரார் அதைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட மாட்டார்கள்.

நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொரு சௌகரியமும் உண்டு. மேகமலை அடிவாரத்தில் கைப்பேசி ஒரு கோடு காட்டி மறுகணம் அதையும் விழுங்கிவிடும் இடங்களில், படங்கள் நிறைந்த பக்கம் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு வரி எழுத்தோ அந்த ஒற்றைக் கோட்டிலேயே வந்து சேர்ந்துவிடும். போன வருஷம் ஒரு மழைநாளில் இலவம் பஞ்சுக் கொட்டகை ஒன்றின் திண்ணையில் ஒதுங்கியிருந்தபடி மும்பையில் இருந்த ஒரு மதகின் நிலையைக் கேட்டறிந்திருக்கிறேன்.

கட்டளை வாக்கியத்தின் இலக்கணம் எளிது. யாரிடம் கேட்கிறோம், எந்தத் துறையைப் பற்றி, என்ன செய்யச் சொல்லுகிறோம், எந்தப் பொருளைக் குறித்து என்ற நான்கும் அந்த வரிசையில் நிற்கும். அமேசான் மேகத்தில் 'ஏடபிள்யூஎஸ் இஎல்பிவி2 டிஸ்கிரைப்-லோட்-பேலன்சர்ஸ்' என்பது அந்த வாக்கியம். அச்சில் நம் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும். டிஸ்கிரைப் என்ற வினைக்கு வருணி என்று பொருள். வருணனை என்றவுடன் நம் காவியங்களின் நாட்டுப்படலம் நினைவுக்கு வரும். இங்கே வருவதோ கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நகல் போன்ற உலர்ந்த பட்டியல். மதகின் பெயர் என்ன, பிறந்த நாள் எது, எந்த முகவரியில் அழைத்தால் வரும், உலகம் முழுவதுக்கும் திறந்ததா அல்லது உள்ளே இருப்பவர்க்கு மட்டுமா, எந்த வகையைச் சேர்ந்தது, எந்தெந்த மண்டலங்களில் கால் ஊன்றியிருக்கிறது, எந்தக் காவல் விதிகள் அதன்மேல் உள்ளன, இப்போது செயல்படும் நிலையில் உள்ளதா என்ற விவரங்கள் வரிசையாக வந்து நிற்கும். பட்டியல் நீளமாக இருந்தால், எனக்குப் பெயரும் நிலையும் மட்டும் போதும் என்று அதே வாக்கியத்தின் வாலில் சொல்லலாம். கட்டம் போட்டுத் தா என்றும் கேட்கலாம். தினசரிப் பத்திரிகையின் மதுரைப் பதிப்பில் பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை என்று ஒரு மூலையில் அச்சாகிறதே, அந்த மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வதற்கு ஒப்பான காரியம் இது. நேற்றைய துண்டையும் இன்றைய துண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவதே எழுத்தில் பெறும் பதிலின் பெரிய லாபம். படப்பக்கத்தில் நேற்று நீங்கள் கண்டது நேற்றோடு போயிற்று.

இந்த விசாரணையில் நான் பட்ட ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், இளைஞர்களுக்குப் பிரயோஜனப்படும். முன்பு நான் பணி செய்த ஓர் இடத்தில், நள்ளிரவுக்கு மேல் ஒரு மணிக்கு, வாடிக்கையாளர்கள் உள்ளே வரமுடியவில்லை என்று எழுப்பினார்கள். தூக்கக் கலக்கத்தில் மேற்சொன்ன வாக்கியத்தைத் தட்டினேன். பதில் வந்தது, பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, பட்டியலின் தலைப்பு இருந்தது, அதன் கீழே ஒன்றுமே இல்லை. எங்களுடைய நான்கு மதகுகளும் மாயமாய் மறைந்துவிட்டன என்று எண்ணி, யாரோ அழித்துவிட்டார்கள் என்று மேலதிகாரியையும் எழுப்பி, அவர் இன்னும் இருவரை எழுப்பி, அரை மணி நேரம் பெரிய அமளி நடந்தது. மேகம் பல பிராந்தியங்களாகப் பிரிந்தது. எங்கள் மதகுகள் மும்பையில் இருந்தன. நானோ முதல் நாள் வேறொரு காரியத்துக்காக அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சுட்டிவைத்துவிட்டு அதை மாற்ற மறந்திருந்தேன். வர்ஜீனியாவில் எங்களுக்கு மதகு ஏதும் இல்லை. இல்லை என்று அது உள்ளபடியே சொல்லிற்று. வைகை அணையில் எத்தனை ஷட்டர் என்று கேட்க வேண்டியவன் வறண்ட ஓர் ஓடையின் கரையில் நின்று கேட்டதுபோல. குறிப்பிட்ட பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்று உரத்த மறுப்பாவது வந்திருக்கும், நான் விழித்துக்கொண்டிருப்பேன். பொதுப்படக் கேட்டதால் மௌனம் வந்தது. இதே ஜாதியைச் சேர்ந்த இன்னொரு பள்ளமும் உண்டு. 2009-ல் வந்த பழைய மதகுகளும் 2016 முதல் வந்த புதிய மதகுகளும் வெவ்வேறு வாக்கியங்களால் விசாரிக்கப்பட வேண்டியவை. புதியவற்றைக் கேட்கும் வாக்கியத்துக்குப் பழையவை தலைகாட்டுவதேயில்லை. மொத்தம் எத்தனை மதகு என்று கணக்கெடுக்கப் புகுந்தவர்கள் இதில் கால் இடறுவதுண்டு.

கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் சாட்சியைக் கூண்டில் ஏற்றிய வக்கீலின் நிலைமைதான் நம்முடையது. மதகை வருணி என்றால் மதகை மட்டும் வருணிக்கும். எந்தக் கதவுகளில் காது வைத்துக் கேட்கிறது என்பது தனிக் கேள்வி. வந்தவரை எந்த விதிப்படி எங்கே அனுப்புகிறது என்பது தனிக் கேள்வி. பின்னால் நிற்கும் சர்வர்களின் குழுக்கள் எவை என்பது தனிக் கேள்வி. இவை யாவும் ஏற்பாட்டைப் பற்றியவை. ஏற்பாடு என்பது உத்தரவுக் காகிதம். 200 கன அடி என்று எழுதியிருப்பதாலேயே 200 கன அடி போய்விடாது. இவற்றையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, செயல்படும் நிலை என்ற ஒரு சொல்லைக் கண்டு மனநிம்மதியோடு உறங்கப் போனவர்கள் பலரை நான் அறிவேன். அந்தச் சொல் மதகைப் பற்றியது. பின்னால் உள்ள சர்வர் அத்தனையும் செத்துக் கிடந்தாலும் மதகு தன்னளவில் நலமாகவே இருக்கும்.

என் மாமன் ஒருநாள் சொன்னார்: "ஏ மருமகனே, மதகு எத்தனை சாண் தொறந்திருக்குன்னு ஜீப்புல வந்து பாத்துட்டுப் போறதுக்கு ஆபீசருங்க இருக்காக. கடைமடைக்காரன் வயக்காட்டுல தண்ணி ஏறிருச்சான்னு நடந்து போய்ப் பாக்கத்தான் நம்மள வச்சிருக்காக." கட்டளை வரியில் அந்த நடைக்கு ஈடான வாக்கியம் 'டிஸ்கிரைப்-டார்கெட்-ஹெல்த்' என்பது. பெயர் குறித்த ஒரு சர்வர் குழுவைச் சுட்டி இதைக் கேட்டால், ஒவ்வொரு சர்வரின் பக்கத்திலும் ஒரு நிலையை எழுதித் தரும். ஹெல்தி என்றால் நலம். அன்ஹெல்தி என்றால் நலமில்லை. இனிஷியல் என்றால் இப்போதுதான் சேர்ந்திருக்கிறது, சோதனை நடக்கிறது. அன்யூஸ்டு என்றால் வாய்க்கால் வெட்டியிருக்கிறது ஆனால் மதகோடு இணையவில்லை. டிரெயினிங், அதாவது வடிதல், என்ற நிலைதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு சர்வரை விலக்கிக்கொள் என்று உத்தரவிட்டவுடன் மதகு புதிதாக யாரையும் அதனிடம் அனுப்பாது. ஏற்கெனவே அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசி முடிக்க, மாற்றிச் சொல்லாதவரை 300 வினாடி அவகாசம் தரும். ஷட்டரை இறக்கிய பின்னும் வாய்க்காலில் நின்ற நீர் கடைமடை நோக்கி ஓடித் தீர்வதை நீங்கள் பார்த்ததில்லையா? அதை அறியாத அவசரக்காரர்கள், விலக்கச் சொன்ன சர்வர் இன்னும் பட்டியலில் நிற்கிறதே என்று பதறி, மறுபடி மறுபடி அதே உத்தரவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

நலமில்லை என்று ஒரு முறை தோன்றியவுடனே மதகு ஒரு சர்வரைத் தள்ளிவிடுவதும் இல்லை. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று படிப்படியாகக் கரையோர மக்களுக்கு அறிவிப்பு வருகிறது. அதுபோலவே இங்கும் ஒரு நிதானம் உண்டு. அமேசானின் 'அப்ளிகேஷன்' என்னும் பயன்பாட்டு வகை மதகில் நாம் ஒன்றையும் மாற்றாமல் விட்டால், 30 வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் குரல் கொடுத்து அழைக்கும். 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் ஒரு தவறு என்று குறித்துக்கொள்ளும். தொடர்ந்து 2 தவறு சேர்ந்தால் ஒதுக்கும். ஒதுக்கியதைத் திரும்பச் சேர்ப்பதற்கோ 5 நல்ல பதில்களைத் தொடர்ந்து எதிர்பார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விழுந்த சர்வருக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் வரை ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள், எழுந்த சர்வரோ இரண்டரை நிமிஷம் வெளியே காத்திருக்கும். வீழ்ந்தவனை விரைவில் விலக்கி, எழுந்தவனை மெதுவாக நம்புகிற இந்தச் சுபாவத்தில் உலக அநுபவம் கொஞ்சம் கலந்திருக்கிறது.

நலமில்லை என்பதோடு காரணமும் ஒரு வரி வரும். பதிலே வரவில்லை என்பது ஒன்று. பதில் வந்தது, ஆனால் எதிர்பார்த்த எண் வரவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்ற எண்ணை மதகு எதிர்பார்க்கிறது. சர்வரோ அடுத்த வாசலுக்கு வா என்று பொருள்படும் 301 அல்லது 302-ஐத் தருகிறது. ஆள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். வேறு வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டான். அதற்காக அவனை நோயாளிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறானது இன்னும் அபாயகரமானது: வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி ஆமாம் இருக்கிறோம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பான், உள்ளே தரவுக் களஞ்சியம் நின்றுபோய் ஒரு வேலையும் நடவாது, மதகோ நலம் என்று எழுதிக்கொண்டிருக்கும். எதைக் கேட்டுச் சோதிக்கிறது என்பதையும் நாம் கேட்டறியாமல் நலம் என்ற சொல்லை நம்பலாகாது. எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று உண்டு. ஒரு குழுவில் உள்ள சர்வர் அனைத்துமே நலமில்லை என்றாகிவிட்டால், மதகு கதவை அடைத்துவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள், அப்படியல்ல, நலமில்லாத அத்தனைக்கும் ஆட்களை அனுப்பத் தொடங்கிவிடும். எல்லாமே தவறு என்றால் சோதிக்கும் முறையே தவறாக இருக்கலாம் என்பது அதைச் சமைத்தவர்களின் தர்க்கம். ஆகவே எல்லாம் நலமில்லை என்று காட்டியும் பக்கம் திறக்கிறதே என்று யாராவது உங்களிடம் வியந்தால், அது அற்புதம் ஏதும் இல்லை என்று சொல்லுங்கள்.

கூகுளின் மேகத்தில் இந்த விசாரணைக்கு வேறு நடை. அங்கே லோடு பேலன்ஸர் என்ற பெயரில் ஒரு பொருளே கட்டளை வரியில் இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். வருகிறவரை முன்னே அனுப்பும் விதி ஒன்று, அதன்பின் இடைநிற்கும் பிராக்ஸி ஒன்று, முகவரி வரைபடம் ஒன்று, பின்னணிச் சேவை ஒன்று, அதன்பின் கணினிக் குழு என்று துண்டு துண்டாக இருக்கும். ஒன்றைக் கேட்டால் அடுத்ததன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்க வேண்டும். தேக்கடித் தலைமதகில் புறப்பட்டு, சுரங்கத்தைக் கடந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு, முல்லையாற்றில் விழுந்து, வாய்க்காலில் பிரிந்து, வயலில் ஏறும் நீரின் பின்னாலேயே நடந்து போவதற்கு நிகர். ஆரம்பத்தில் இது எரிச்சல் தரும்; பழகியபின், தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்ட இதுவே உதவுகிறது. அங்கேயும் நலம் கேட்கத் தனி வாக்கியம் உண்டு, அதைப் பின்னணிச் சேவையிடம் கேட்க வேண்டும். கூகுளின் சோதனைக் குரல் 35.191, 130.211 என்று தொடங்கும் குறிப்பிட்ட முகவரிக் கூட்டங்களிலிருந்து வருகிறது. நம்முடைய தீச்சுவரில், அதாவது ஃபயர்வால் என்னும் காவலில், அவற்றுக்கு வழிவிட மறந்தால், நலம் விசாரிக்க வந்த வைத்தியரையே கூர்க்கா வாசலில் தடுத்துவிட்ட கதையாய், எல்லாச் சர்வரும் நோயாளி என்று பதிவாகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2015-ல் சென்னையிலும் தம் மேகத்தின் ஒரு பிராந்தியத்தைத் திறந்தார்கள். அங்கே மதகின் பெயரோடு அது எந்த வளக் குழுவைச் சேர்ந்தது என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர, இந்த வேளையில் விரித்துச் சொல்ல விசேஷம் ஒன்றும் இல்லை.

பார்க்கும் கையும் திறக்கும் கையும் ஒரே கையாக இருக்கலாகாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்கிரைப் என்று தட்ட வேண்டிய இடத்தில் டிலீட் என்று தட்டினால், அமேசானின் கட்டளை வரி நிச்சயமாகவா என்று ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்காது, மதகு போய்விடும். அழிவுக் காப்பு என்று ஒரு பூட்டு உண்டு. ஆனால் நாமாகப் போட்டாலொழிய அது பூட்டியிராது. போட்டிருக்கிறதா என்பதும் மதகின் முதல் வருணனையில் வராது, பண்புகளைக் கேட்கும் தனி வாக்கியத்தில்தான் வரும். ஆகையால் விசாரிப்பதற்கென்று ஓர் அடையாளத்தைத் தனியே உண்டாக்கி, அதற்குப் பார்க்கும் அநுமதியை மட்டும் கொடுத்து, தினசரி வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் அளவுகோலை யார் வேண்டுமானாலும் பாலத்தின் மேல் நின்று படிக்கலாம். ஷட்டரின் சாவி ஒருவர் இடுப்பில்தான் தொங்கும். என் மாமன் இரவில் உறங்கும்போதும் அதைக் கழற்றியதில்லை.

பின்வரிசையில் சில பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்திருப்பதைக் கவனித்தேன். பயிற்சிக்கென்று ஒரு சிறு மதகும் அதன்பின் இரண்டு சர்வரும் மும்பையில் உண்டாக்கி வைத்திருக்கிறேன். பார்க்கும் அநுமதி மட்டும் உள்ள அடையாளம் ஒன்றும் தயாராக இருக்கிறது. இரண்டில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறேன். எது என்று சொல்லமாட்டேன். தேனிக்குப் போகும் கடைசிப் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் ஒவ்வொருவராக வந்து கேட்டுப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், எந்தப் பிராந்தியத்தில் நின்று கேட்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.